பர்மாக்காரி கட்டிய வீட்டு வரி

ரேஷன் அரிசி கொதிக்கும்போது ஒரு வாடை எழும். நனைந்த சாக்கின் வாடை, அந்து செத்துக் கிடந்த வாடை, வெயில் படாத கிடங்கில் மாதக்கணக்கில் மூச்சடக்கிக் கிடந்த தானியத்தின் வாடை. இந்த வருஷம் மறுபடியும் கார்டு வந்திருக்கிறது. மறுபடியும் பை, மறுபடியும் வரிசை. மனைவி எத்தனை தண்ணீர் மாற்றிக் களைந்தாலும் அது போவதில்லை. இன்று காலை உலை கொதித்ததும் கூடத்திலிருந்து எழுந்து வாசலுக்குப் போனேன். வாசலிலிருந்து கொல்லைக்குப் போனேன். பின்னாலேயே வந்தது. சாப்பிடக் கூப்பிட்டவளிடம் பசியில்லை என்றேன். பசி இருந்தது. அந்தச் சோற்றுக்கு முன்னால் உட்கார முகம்தான் இல்லை.

முதன்முதலில் இந்த ரேஷன் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. யுத்த காலம். ரங்கூனில் குண்டு விழுந்து, அங்கிருந்த நம் ஆட்கள் காடும் மலையும் கால்நடையாகத் தாண்டி வந்து சேர்ந்ததற்கு அடுத்த வருஷம். அரியலூரிலிருந்து ஆண்டிமடம் போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், செய்தது நான், ஊரை ஏன் இழுக்க வேண்டும். அந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டில் நான் பில் கலெக்டர். வீடு வீடாகப் போய் வரி வாங்கி ரசீது கிழித்துக் கொடுக்கிற வேலை. நிரந்தரமான வேலை இல்லை. போர்டு மெம்பர்கள் கூடி, இவன் இருக்கட்டும் என்றால் இருப்பேன். அவர்களுடைய முகத்தைப் பார்த்துப் பார்த்தே என் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட மாதிரி இருக்கும்.

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் வரிசையாக எட்டுக் கூரை வீடுகள். எட்டும் ஒரு மெம்பருக்குச் சொந்தம். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த மனிதர். வெள்ளை வேட்டி, வெற்றிலைச் சிவப்பு, எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சிரிப்பு. கடைசி வீட்டுக்கு ஒரு பெண் குடி வந்தாள், ஏழெட்டு வயது மகளோடு. பர்மாவில் பிறந்தவள், பர்மாக்காரியே. கன்னம் அகன்று, கண் சிறுத்து, மஞ்சள் வெளுப்பாக இருப்பாள். சேலையை நம் பெண்கள் மாதிரிதான் கட்டுவாள், ஆனால் நடக்கும்போது அது லுங்கி மாதிரி நடக்கும். புருஷன் ஆண்டிமடத்துக்கு அந்தாண்டை ஒரு கிராமத்து ஆள். ரங்கூனில் மூட்டை தூக்கப் போனவன், அங்கேயே இவளைக் கட்டிக்கொண்டான். தப்பி வரும் வழியில், மலைப்பாதையில், வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அகதி முகாமில் இவள் கையில் கொடுத்த அடையாளச் சீட்டு ஓர் ஆற்றைக் கடக்கையில் நனைந்து கூழாகிவிட்டது. புருஷன் ஊரைத் தேடிப் போனபோது அவன் தம்பிமார்கள், அண்ணன் பெண்டாட்டி என்பதற்கு என்ன காகிதம் என்று கேட்டிருக்கிறார்கள். அரைக்காணி நிலத்தில் ஒரு பங்கு கூடக் கேட்கிற வாய் வந்து நின்றால் யாருக்குத்தான் கண் தெரியும். அங்கிருந்து திரும்பி நடந்தவள் எங்கள் சந்தையில் வந்து நின்றாள்.

பிழைக்கத் தெரிந்தவள். சுருட்டு சுற்றுவாள். தொடையில் வைத்து ஒரு உருட்டு, நுனியில் ஒரு கிள்ளு, முடிந்தது. சந்தை நாளில் சாக்கு விரித்து அடுக்குவாள். வயற்காட்டு ஆட்கள் அவள் சுருட்டையே தேடி வாங்கினார்கள். வாங்கிவிட்டு நாலடி தள்ளிப்போய் அவளைக் கேலி பேசினார்கள். அவள் தமிழ் அப்படி. தமிழைப் புருஷனிடம் மட்டும் கற்றுக்கொண்டவள், அதனால் ஆம்பிளை பேசுகிற மாதிரிப் பேசுவாள். ‘வூட்டுல இருக்கேன் வாடா’ என்று மகளைக் கூப்பிடுவாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது: ரங்கூனில் யார் அவளுக்கு ‘வீடு’ என்பதை எங்கள் பக்கத்து ஆட்கள் மாதிரி ‘வூடு’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அந்தச் செத்த மனிதன் அவள் நாக்கில் உயிரோடு இருந்தான். அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும். ஆனால் அதைக் கேட்கும் காது அப்போது எனக்கு இல்லை.

வரி விஷயம் இப்படி. அந்த எட்டு வீட்டுக்கும் வரி மெம்பர் பெயரில். ஆனால் கட்டுவது குடியிருப்பவர்கள். வாடகை எனக்கு, வரி போர்டுக்கு என்று சொல்லித்தான் வீட்டை விடுவார். ரசீதில் மட்டும் அவர் பெயர். இது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம், யாரும் கேட்டதில்லை. மற்ற ஏழு வீட்டிலும் நான் போனால் கதவு சாத்தும் சத்தம் கேட்கும், அப்புறம் வா என்பார்கள், கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள். கடைசி வீட்டில் மட்டும் சொன்ன தேதிக்குக் காசு முந்தானை முடிச்சில் தயாராக இருக்கும்.

முதல் தடவை கணக்கெடுக்கப் போனபோது வழக்கம்போலப் புருஷன் பெயர் கேட்டேன். அவள் உதட்டை மூடிக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று இங்கே வந்த புதிதில் யாரோ பெண்கள் அவளை அதட்டியிருக்கிறார்கள். நம் பெண்களைவிடக் கெட்டியாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் மகளைக் காட்டினாள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அப்பன் பெயர், அப்பனுடைய அப்பன் பெயர், ஊர் எல்லாம் சொன்னாள். நான் தலையாட்டினேன். எழுதிக்கொள்ளவில்லை. எழுத இடமும் இல்லை. என் புத்தகத்தில் அந்த வீட்டுக்கு நேரே மெம்பர் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆனால் மனதில் நின்றுவிட்டது. இன்று வரைக்கும் நிற்கிறது.

ரசீதைக் கொடுத்தபோது அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். தமிழ் படிக்கத் தெரியாது. விரலால் எழுத்தின் மேல் தடவிப் பார்த்தாள். இது நம் பெயரில் இருக்கிற காகிதமா என்று மகளிடம் கேட்கிற மாதிரி முகத்தைத் திருப்பினாள். மகள் அப்போதுதான் அரிச்சுவடி. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் காகிதங்களை ஒரு தகரப் பெட்டியில், துணியில் சுற்றி வைத்திருந்தாள். எந்த ஊரிலும் தனக்கு ஒரு காகிதம் இல்லாதவள் தன் காகிதம் என்று நினைத்து வைத்திருந்ததெல்லாம் அடுத்தவர் பெயர்.

ஒரு நாள் கேட்டாள்.

‘இந்தக் காசு எங்க போவும் தம்பி?’

தெரு விளக்குக்கு எண்ணெய், ஊர்க்கிணறு தூர் வார, பள்ளிக்கூடத்துக்குக் கீற்று, ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் என்று சொன்னேன்.

‘அப்ப தெரு வெளக்குல கொஞ்சம் நம்ம எண்ணெ.’

அவள் சந்தில் விளக்கே கிடையாது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பால் விடாத தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன். ஒவ்வொரு தடவையும் குடித்தேன். வெளியே வருமுன் துண்டால் வாயை நன்றாகத் துடைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் வாய் நனைத்தேன் என்று யாராவது பார்த்துவிட்டால்?

ஊர் பேசிக்கொண்டிருந்தது. அரிசி குறையக் குறையப் பேச்சு கூடியது. ஊர்க்கிணற்றில் அவள் குடம், பள்ளிக்கூடத்தில் அவள் பெண், ஆஸ்பத்திரி வாசலில் அவள் காய்ச்சல் என்று எதற்கெடுத்தாலும் அவள். வைசூரிக்கு ஊசி போட வந்தவன் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னால், கடைசி மருந்து பர்மாக்காரிக்குப் போய்விட்டது என்றார்கள். போர்டு ஆபீஸ் வாசலில் மெம்பர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வார்: எங்கிருந்தோ வந்தவள், சல்லிக்காசு வரி கட்டாமல் ஊர்ச் சொத்தைத் தின்கிறாள். சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பு. சுற்றி இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். என் தோள்பையில், அவள் காசில் கிழித்த ரசீதின் அடிக்கட்டை இருந்தது. பை கனத்ததாகவோ சுட்டதாகவோ சொன்னால் பொய். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்று சுடுகிறது.

பிறகு எங்கள் ஊருக்கும் ரேஷன் கார்டு வந்தது. பட்டியலில் விட்டுப்போனவர்களை விசாரிக்கத் திருச்சியிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். போர்டு ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்தார். வீட்டு விவரம் சொல்ல நான் பக்கத்தில் நிற்க வேண்டும்; மெம்பர் எதிர் நாற்காலியில். அறை முழுக்கப் பெண்கள். ஆண்பிள்ளைகள் பலரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் பட்டாளத்துக்கு.

அந்த விசாரணை பாதி நேரம் வேடிக்கையாகத்தான் நடந்தது. புருஷன் பெயர் என்ன என்று ஆபீசர் கேட்பார். பெண் தலை குனிவாள். பின்னால் நிற்கிற கொழுந்தனோ பக்கத்து வீட்டுக்காரியோ சொல்லிவிடுவார்கள். கூட ஆள் இல்லாதவள், ‘யான மூஞ்சி சாமி பேருங்க’ என்பாள். இன்னொருத்தி, ‘மலமேல கோமணத்தோட நிக்கிறாரே, அவரு’ என்பாள். அறை சிரிக்கும். ஆபீசரும் சிரித்துக்கொண்டே எழுதுவார்.

அவள் முறை வந்தது. தனியாக வந்திருந்தாள். மகளுக்கு விஷக்காய்ச்சல், ஆஸ்பத்திரித் திண்ணையில் கிடந்தாள். காய்ச்சல் இறங்கினால் பத்து நாள் அரிசிக்கஞ்சி மட்டும் கொடு, சோளம் கம்பு ஆகாது, குடல் தாங்காது என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். கடையில் அரிசி கார்டுக்குத்தான். கள்ள மார்க்கெட் விலைக்குச் சுருட்டு விற்ற காசு எட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். முதல் நாள் அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

தகரப்பெட்டியைத் திறந்து ரசீதுகளை மேஜையில் வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரம் மடங்காமல். ஆபீசர் புரட்டினார். எல்லாவற்றிலும் மெம்பர் பெயர்.

‘என் வூட்டுக்கு நான் கட்டுன வரி’ என்றார் மெம்பர். ‘இவகிட்ட எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல.’

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் ரசீதுகளைப் பார்த்தேன். என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்காரர் பெயரில்தான் ரசீது போடுவது என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்துச் சொன்னேன்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. ரசீதை விட்டுவிடுவோம், புருஷன் பெயரும் ஊரும் சொன்னால் அந்த ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்கிறேன், அதுவரை தற்காலிகமாக ஒரு கார்டு போட்டுத் தருகிறேன் என்றார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் சொல்வதைக் கற்றுக்கொள்ளவில்லை. யானை முகமும் மலைமேல் நிற்பவரும் அவளுக்கு எங்கே தெரியும். அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குக் கொழுந்தன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி இல்லை. கண் என்மேல் வந்து நின்றது.

‘தம்பிக்குத் தெரியும். தம்பி, சொல்லுங்க.’

மெம்பர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

‘அட, தம்பிக்குத் தெரியுமா. வரி வாங்கத்தானேப்பா போற அங்க?’

அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். சத்தமாகக்கூட இல்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு. எனக்குக் காது சூடேறியது. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கொஞ்சம் கௌரவமான காரணம். உண்மை அது இல்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். அவள் வீட்டுத் தேத்தண்ணி என் உதட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி இருந்தது.

‘எனக்குத் தெரியாதுங்க’ என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்ன தமிழ் புரியாத மாதிரிப் பார்த்தாள். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பி, நிமிர்ந்து, அவளே சொன்னாள். புருஷன் பெயர், மாமனார் பெயர், ஊர். மகள் அன்று ஒப்பித்த அதே வரிசையில். அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அறையில் இருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஒருத்தி ‘அடி ஆத்தே’ என்றாள்.

மெம்பர் ஆபீசர் பக்கம் சாய்ந்தார். ‘கேட்டீங்களா சார். நம்ம பொம்பள எவளாச்சும் புருசன் பேர இப்படி நாக்குக் கூசாம சொல்லுவாளா? கட்டுன புருசனா இருந்தா வாயில வருமா?’

ஆபீசர் பேனாவைக் கையில் பிடித்தபடி அவளையும் மெம்பரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வீட்டிலும் அவர் பெயரைச் சொல்லாத ஒரு மனைவி இருந்திருப்பாள். அந்தப் பெயர் உண்மைதானா என்று கர்ணத்தைக் கேட்டுவிடலாமே என்று நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். மகள் சொல்லி எனக்கும் தெரியும், இதே பெயர்தான் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொன்ன வாய் அதற்குள் உலர்ந்து இறுகிப்போயிருந்தது. அவர் பேனாவை மூடினார். விசாரணையில் ஊர்ஜிதமாகவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதே அழகான கையெழுத்தில்.

அவள் ரசீதுகளை எடுத்து அடுக்கினாள். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொடுக்கக்கூட நான் நகரவில்லை.

ஆபீசர் மறுமாதமும் வந்தார். அதற்கு மறுமாதமும் வந்தார். இரண்டு தடவையும் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மோர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை, வண்டி ஏறுமுன், வேறு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை சார் என்றேன்.

மகள் பிழைத்தாள். எப்படி என்று எனக்குத் தெரியாது. சுருட்டுக்கு வைத்திருந்த புகையிலைக் கட்டை விற்றாள், காதில் கிடந்ததை விற்றாள், கள்ள மார்க்கெட்டில் ஆழாக்கு ஆழாக்காக அரிசி வாங்கினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் அப்போது ஐந்து கார்டு அரிசி. அதில் இரண்டு, செத்துப்போனவர்கள் பெயரில் வாங்கியது. அந்த மக்கல் அரிசியைத்தான் மூன்று வேளையும் தின்றேன். ஒரு படி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. யாராவது பார்ப்பார்களே என்று உடனே இன்னொன்றும் தோன்றியது. அந்தச் சந்துப் பக்கமே போகாமலிருக்க வழிகளைக் கண்டுபிடித்தேன். வரிக்கு மட்டும் போனேன். போகாவிட்டால் மெம்பர் கேட்பாரே. அவள் காசைக் கொடுத்தாள். தேத்தண்ணி கொடுக்கவில்லை. ரசீதை வாங்கி, பெட்டியில் வைக்காமல், கூரைக் கீற்றில் செருகினாள்.

மழை தொடங்கும் முன்னால் ஒரு பகலில் போர்டுக்கு வந்த மண்ணெண்ணெய் டின்களை இறக்க அரியலூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அவளைத் தேடிப் போனேன் என்று எழுத ஆசைதான். இல்லை, டின்னுக்காகப் போனேன். பிளாட்பாரத்தில் வேப்பமர நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தகரப்பெட்டி, ஒரு மூட்டை, மகள். காய்ச்சலுக்குப் பிறகு மொட்டையடித்த தலையில் முடி பூனைமயிராக முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டது. ஏதோ கேட்கப் போகிறேன், பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்ததுபோல. நான் ஒன்றும் கேட்கவில்லை என்றதும் மெல்லக் கையை அவிழ்த்தது.

விலகிப் போயிருப்பேன். அவளே கூப்பிட்டாள். திருச்சியில் சுருட்டுக் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்களாம், போகிறேன் என்றாள். வீட்டைக் காலி செய்து சாவியை மெம்பர் வீட்டில் கொடுத்துவிட்டாளாம். சொல்கிற தொனியில் ஒன்றுமில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போகிறவள் மாதிரி. ‘அன்னிக்கு’ என்று நான் ஆரம்பித்தேன். ரயில் வரும் திசையில் தண்டவாளம் வெயிலில் அலையடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

‘வரி பாக்கி ஒண்ணும் இல்லியே தம்பி?’

‘இல்லக்கா’ என்றேன். அக்கா என்று அன்றைக்குத்தான் வாயில் வந்தது. அதற்கு முன் ‘இந்தாம்மா’ என்பதோடு சரி. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது.

வண்டி வந்தது. புகையும் கூச்சலுமாக ஆட்கள் முண்டினார்கள். மூட்டையை நான் தூக்கி வைக்கப் போனேன். அவள் அதற்குள் தூக்கிவிட்டாள். மகளை ஏற்றினாள், தானும் ஏறினாள். கம்பிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. எதையாவது கேட்க வேண்டும், எதையாவது அவளுக்குச் செய்த மாதிரி இருக்க வேண்டும் என்று தவித்தேன். அத்தனை தவிப்புக்கும் வந்தது இவ்வளவுதான்.

‘டிக்கெட் வாங்கிட்டீங்களா?’

‘வாங்கிட்டேன் தம்பி. காசு குடுத்தேன், குடுத்துட்டாங்க. பேரு கேக்கல.’